தொட்டதற்கு அப்புறம்

தாழ்ப்பாள் போட்டேனா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன். வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை. அத்தை கரூரில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் பஸ் ஏறி இருட்டுவதற்குள் வந்துவிடுவார். அதுவரைக்கும் இந்த உறையூர் மாடி வீட்டில் நானும் என் புருஷனும் மட்டும்தான். அப்புறம் எதற்குத் தாழ்ப்பாள், யார் வந்துவிடுவார்கள் என்று? ஹாலில் கிரிக்கெட் ஓடுகிறது. சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறார். நான் உள்ளே இருந்தால் எப்போதும் குறைத்துவிடுகிறார், நோயாளி தூங்குகிற வீடு மாதிரி. மூச்சை வயிற்றுக்குள் இழு, மெதுவாக விடு, விடும்போது கீழே இருக்கிற தசையும் சேர்ந்து இறங்குவதாக நினைத்துக்கொள். ஹெப்சிபா டாக்டர் சொல்லிக்கொடுத்தது. துணி அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருக்கும் டப்பாவிலிருந்து, டாக்டர் தந்த சின்னதும் பெரியதுமான குழாய்களில், விரல் அளவுக்கு இருக்கும் சிலிகான் குழாயை எடுத்துக் கழுவி, ஜெல் தடவி, டவலின் மேல் வைத்திருக்கிறேன். போன வாரம் இதையே சுலபமாக உள்ளே வைத்துக்கொள்ள முடிந்தது. இன்றைக்கு நுனி தொடுவதற்குள் எல்லாம் இறுகிவிட்டது. தொடை, அடிவயிறு, ஏன், கால் கட்டைவிரல்கூட. நான் இறுக்கவில்லை, அதுவாக இறுகுகிறது. கண்ணுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் இமை மூடிக்கொள்வதில்லையா, அது மாதிரிதாம்மா இது, இமையைத் திட்டுவீங்களா என்று டாக்டர் கேட்டார். நான் திட்டுகிறேன். தினமும் திட்டுகிறேன். ஹாலில் யாரோ அவுட் ஆகிறான், கூட்டம் கத்துகிறது, அவர் கத்தவில்லை. முன்னெல்லாம் கத்துவார். சோபாவிலிருந்து எழுந்து நின்று கத்துவார், அத்தை அடுப்படியிலிருந்து ஏன்டா மாறா இப்படிக் கூப்பாடு போடற என்பார். இப்போது அந்தச் சத்தமும் போய்விட்டது. அதுவும் என்னால்தானா? இல்லை, அப்படி நினைக்கக்கூடாது. மூச்சை இழு.

வேடிக்கை என்னவென்றால், நாள் முழுக்க நான் மற்றவர்களிடம் சொல்கிற வார்த்தையே இதுதான். நான் பல் டாக்டர். தில்லைநகரில் ஒரு கிளினிக்கில் வேலை. நாற்காலியில் சாய்ந்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தாடை நடுங்க வாயை மூடிக்கொள்கிறவர்களிடம், ஒண்ணும் ஆகாது, ரிலாக்ஸா இருங்க, மூக்கால மூச்சு விடுங்க என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவர்கள் என்னை எவ்வளவு வெறுத்திருப்பார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. கல்யாணமான புதிதில் மாறனும் அதைத்தான் சொன்னார், ரிலாக்ஸா இரு அரசி. நல்லபடியாகத்தான் சொன்னார். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சுவரில் மோதுகிற மாதிரி இருக்கு என்று அவர் ஒரு நாள் சொல்லிவிட்டு, சொன்னதற்காக அன்று முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். எரியும். கத்தியால் கீறி அதில் மிளகாய் தடவின மாதிரி எரியும். நான் தலையணையைக் கடித்துக்கொள்வேன். என் சித்தி அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தாள், மொதல்ல அப்படித்தான் இருக்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ. நான் பொறுத்தேன், உடம்பு பொறுக்கவில்லை. உடற்கூறு படித்தவள் நான், தசை என்றால் என்ன, நரம்பு என்றால் என்ன என்று பரீட்சை எழுதியவள், ஆனால் என் உடம்பில் ஒன்று இப்படி நடக்கிறது, அதற்கு ஒரு பேர் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது என்று தேடிப் போவதற்குள் வருஷங்கள் போய்விட்டன. அதற்கு முன்னால் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். பரிசோதனை மேஜையில் நான் துள்ளி எழுந்ததும் அந்தம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இதுக்கே இப்படின்னா கொழந்தை எப்படிம்மா பெத்துக்கப் போற என்றார். திரைக்கு அந்தப் பக்கம் மாறன் உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கும். வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடிக்கிறியா என்று மட்டும் கேட்டார். காரணம் என்ன, காரணம் என்ன என்று எத்தனை நாள் தோண்டியிருப்பேன். சின்ன வயசில் யாராவது ஏதாவது செய்தார்களா, இல்லை. அப்பா அடித்தாரா, இல்லை. ஹாஸ்டலில் ஒருத்தி தன் அக்காவின் முதலிரவை ரத்தமும் கண்ணீருமாகச் சொன்னாள், எல்லோரும் கேட்டோம், மற்றவர்கள் எல்லோருக்கும் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகிறது. பிறகு எனக்கு மட்டும் ஏன்? காரணம் கிடைச்சாத்தான் சரியாகும்னு இல்லம்மா என்றார் ஹெப்சிபா டாக்டர். ஆனால் காரணம் இல்லாத ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது? எங்கே தொட்டாலும் வழுக்குகிறது.

போதும். இன்றைக்கு இது நடக்காது. குழாயைத் துடைத்து வைத்துவிட்டு ஃபேனைப் பார்த்தபடி படுத்துக்கொண்டேன். சிகிச்சை நல்லபடியாகப் போகிறது, அதில் பொய்யில்லை. ஆரம்பத்தில் என் விரலையே நான் பக்கத்தில் கொண்டுபோனதில்லை, இப்போது இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். டாக்டர் பாராட்டுகிறார். ஆனால் ஒன்று சரியாகச் சரியாக இன்னொன்று போய்க்கொண்டிருக்கிறது, அதை யாரிடம் சொல்வது? ஒன்றும் நடக்காத அந்த வருஷங்களில்கூட எங்களுக்குள் நிறைய இருந்தது. அடுப்படியில் பின்னால் வந்து நின்று என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு என்ன கொழம்பு என்று கேட்பார். தூக்கத்தில் அவர் கால் வந்து என் கால்மேல் விழும், கனமாக, சூடாக. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவர் முதுகில் தலை வைத்துப் படுத்து ஏதாவது படிப்பேன், எழுந்திருக்காதே, எனக்குச் சுகமா இருக்கு என்பார். எப்போது நின்றது? வைத்தியம் ஆரம்பித்த பிறகுதான் நின்றது, அதுதான் கொடுமை. சிகிச்சை முடிகிற வரைக்கும் உறவு முயற்சியே வேண்டாம், நினைப்புகூட வேண்டாம், ஆனால் ரெண்டு பேரும் பக்கத்துல இருங்க, தொட்டுக்குங்க, அது நின்னுடக் கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். தொட்டுக்குங்க என்று சொன்ன நிமிஷத்திலிருந்து தொடுவது வீட்டுப்பாடம் ஆகிவிட்டது. அவர் கை என் தோளில் பட்டால் என் மனசு உடனே ஓடும், தொட்டாச்சு, இதற்கப்புறம் என்ன? அப்புறம் கழுத்து, அப்புறம் இடுப்பு, அப்புறம்? அந்த அப்புறத்துக்குப் போவதற்குள் தொடை இறுகிவிடும். அவருக்கு அது தெரிந்துவிடும், கையை எடுத்துவிடுவார். நான் என்ன நினைப்பேன், எடுத்துட்டாரே, அலுத்துப் போச்சா? கையை வைத்தாலும் பயம், எடுத்தாலும் பயம். குளியலறையில் அவர் தண்ணீரை நிறுத்துகிற சத்தம் கேட்டால்கூட ஒரு காலத்தில் வயிறு இழுத்துக்கொள்ளும், வரப்போகிறார் என்று. இப்போது அவர் வருவதில்லை. முதுகு வலிக்கிறது, தரையில் படுத்தால் தேவலை என்று ஹாலுக்குப் போய்விட்டார். முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார். சாப்டியா, வண்டில பெட்ரோல் போட்டு வெச்சிருக்கேன், மழை வரும் போல இருக்கு. விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி. பாலிடெக்னிக்கில் அவர் பாடம் எடுக்கிற பிள்ளைகளிடம் பேசுகிற பேச்சுகூட இதைவிட உரிமையாக இருக்கும். போன தடவை டாக்டர், ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கீங்களா, நான் சொன்ன பயிற்சி செய்றீங்களா என்று கேட்டபோது அவர் ம் என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ம் என் காதிலேயே கிடக்கிறது. எதற்குப் பொய் சொன்னார், என்னைக் காப்பாற்றவா, தன்னையா? கரூரில் இந்நேரம் அத்தையும் நாத்தனாரும் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். நாத்தனாருக்கு ரெண்டாவது பிரசவம் முடிந்த அன்றைக்கு அத்தை குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெச்சிரு, ராசி ஒட்டும் என்றார். நான் வைத்துக்கொண்டேன். மூன்றாம் மனுஷர்களுக்கு இது புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம், ஆனால் மாறனுக்கு எத்தனை நாள் பொறுமை இருக்கும்? நான் குணமாகி அந்த டப்பாவில் இருக்கிற பெரிய குழாயையும் தாண்டி எழுந்து வரும்போது, அவர் ஹாலிலிருந்து இன்னும் தூரமாக எங்கேயாவது போயிருந்தால்?

கதவைத் தட்டினார். ஒரு விரலால், இரண்டு தட்டு.

"அரசி, டீ போடட்டுமா? இல்ல, நீ இன்னும்... முடிக்கலைன்னா அப்புறம் போடறேன்."

முடிக்கலைன்னா. அந்த வார்த்தையை அவர் எவ்வளவு ஜாக்கிரதையாகத் தாண்டினார் என்பது கதவுக்கு இந்தப் பக்கம் வரை தெரிந்தது. எழுந்து நைட்டியைச் சரிசெய்துகொண்டு தாழ்ப்பாளைத் திறந்தேன். கையில் பால் பாக்கெட்டோடு நின்றார். பின்னால் டிவியை ஊமையாக்கியிருந்தார், ஆட்டக்காரர்கள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"டீ வேண்டாம். உள்ள வாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. "டாக்டர் சொன்ன பயிற்சி. அத்தை வர்றதுக்குள்ள ஒரு தடவை செஞ்சு பாத்துடலாம். அது மட்டும்தான், வேற ஒண்ணுமில்ல."

பால் பாக்கெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றார். ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தார். வந்து கட்டிலின் ஓரத்தில், ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர் மாதிரி, முட்டியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பயிற்சி ரொம்ப எளிது. ஒருத்தர் படுத்துக்கொள்ள வேண்டும், இன்னொருத்தர் முதுகிலும் கையிலும் மெதுவாகத் தடவ வேண்டும், படுத்திருப்பவர் நிறுத்து என்றால் நிறுத்திவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. நான் குப்புறப் படுத்தேன். அவர் உள்ளங்கை முதுகில் பட்டது. பால் பாக்கெட் பிடித்த ஜில். தோள்பட்டை, முதுகெலும்பு, மறுபடி தோள்பட்டை. நன்றாகத்தான் இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன், அவருக்கும் அலுப்பாக இருக்குமோ, கை ஒரே இடத்தில் சுற்றுகிறதே, அத்தையின் பஸ் இந்நேரம் பாதி வழி, குளித்தலை தாண்டியிருக்குமா, கை இடுப்புப் பக்கம் இறங்குகிறது, இறங்கினால் அப்புறம், அப்புறம், அங்கே வந்துவிட்டது எனக்கு, அந்த இழுப்பு, "நிறுத்துங்க" என்றேன். கை காணாமல் போனது. அடுப்பில் வைத்துவிட்ட மாதிரி அப்படிச் சட்டென்று எடுத்தார். திரும்பிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார், யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. "வலிச்சுதா?" என்றார். "இல்ல. வலிக்கல. கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." "ஆமா, ஆமா. சாரி." இந்த சாரி. எத்தனை சாரி இந்தக் கட்டிலில் விழுந்திருக்கிறது.

"இப்ப நீங்க படுங்க" என்றேன்.

"நானா? எனக்கெதுக்கு? பயிற்சி உனக்குத்தானே?"

"ரெண்டு பேருக்கும்னுதான் சொன்னாங்க."

படுத்தார், மல்லாந்து, சட்டையோடு. நான் உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்தேன். இதயம் ஓடிக்கொண்டிருந்தது, படியேறி வந்த மாதிரி. எவ்வளவு நாளாச்சு இந்த நெஞ்சைத் தொட்டு. ஒரு மேல்பட்டன் இல்லை, எப்போது விழுந்தது, எனக்குத் தெரியாமல் பட்டன் இல்லாத சட்டையோடு நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார். கையை மெதுவாக விலாவுக்குக் கொண்டுபோனேன். அப்போது அவர் வயிறு இறுகியது. நான் அதை என் உள்ளங்கையில் உணர்ந்தேன். பலகை மாதிரி ஆனது. மூச்சு நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், தாடை பூட்டிக்கொண்டது, எத்தனை தாடைகளைப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா. என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேண்டாம்" என்றார். சின்னக் குரலில். "நிறுத்து, அரசி."

நிறுத்தினேன். கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. இத்தனை வருஷத்தில் வேண்டாம் என்று சொன்னவள் நான், சரி என்று சொன்னவர் அவர், எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் வேலை என்று இருந்தது. மனசு முதலில் போன இடம் பழைய இடம்தான், பாத்தியா, உன்னை அவருக்குப் பிடிக்கவில்லை, அருவருப்பு, சொல்ல முடியாமல் முதுகுவலி என்றார். ஆனால் அருவருப்பில் இப்படி இறுகாது. இது எனக்குத் தெரிந்த இறுக்கம். என் உடம்பில் நான் தினமும் பார்க்கிற இறுக்கம், அதே, அச்சு அசல்.

ஏன் என்று கேட்கவில்லை. கேட்கக்கூடாது. கூரையைப் பார்த்தபடி அவராகவே பேசினார்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். உனக்கு இருக்கறதே போதும், இதுவும் எதுக்குன்னு. எனக்கு இப்பல்லாம்... ஒண்ணும் ஆகறதில்ல அரசி. ரொம்ப நாளாவே. கிட்ட வரணும்னு நெனைச்சாலே நீ தலகாணியைக் கடிச்சுக்கிட்டு இருந்த மொகம்தான் வருது. அந்த மொகத்தைப் பாத்துட்டு எவனுக்கு... உன்னைத் தொட்டா நான் உனக்கு வலி குடுக்கப் போறேன்னு உடம்பே முடிவு பண்ணிக்கிச்சு. அதான் ஹால்ல போய்ப் படுத்தேன். முதுகெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ கஷ்டப்பட்டு ஒண்ணொண்ணா தாண்டி வர்ற. கடைசில நீ சரியாகி வந்து நிக்கறப்ப நான் இப்படி நின்னா? அதை நெனைச்சாத்தான் பயமே."

முதலில் எனக்கு வந்தது ஒரு நிம்மதி. பொய் சொல்ல மாட்டேன், உடம்பெல்லாம் தளர்கிற மாதிரி ஒரு நிம்மதி, அப்பாடா, நான் மட்டும் இல்லை. உடனே வெட்கம், மனுஷன் அழாத குறையாகச் சொல்கிறான், இவளுக்கு நிம்மதியாம். அதற்கு அடுத்து பயம், இப்போது ரெண்டு பூட்டு, ரெண்டு பேரும் இறுகினால் யார் யாரைத் திறப்பது? நான் என் வலியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் இன்னொருத்தர் வலி வளர்ந்து ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தது. எத்தனை நாள் நடுவில் இந்தக் கதவு, நான் இந்தப் பக்கம் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "அடுத்த தடவை ரெண்டு பேரும் உள்ள போய் உக்காந்து சொல்லிடலாம்" என்றேன். "நீங்க சொல்ல வேண்டாம், நான் சொல்றேன்." அவர், "நானே சொல்றேன்" என்றார்.

ஃபோன் அடித்தது. அவர் எழுந்துபோய் எடுத்து வந்தார். அத்தை குரல் எனக்கும் கேட்டது, பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்டா மாறா, ஒரே கூட்டம், இப்ப ஏறினா இருட்டறதுக்குள்ள சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்துடுவேன், வண்டி எடுத்துட்டு வந்துடு. அப்படியானால் இன்னும் கரூரில்தான் இருக்கிறார், நான்தான் குளித்தலைவரை ஓட்டி வந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அம்மா, கூட்டமா இருந்தா ஏன் அவதிப்படற? இன்னிக்கு அக்கா வீட்டுலயே இரு. நாளைக்கு நானே காலேஜ் முடிஞ்சு வந்து கூட்டிட்டு வர்றேன்."

"ஏன்டா? ஏதாச்சும் பிரச்சனையா? அவ நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. எங்களுக்குக் கொஞ்சம் வேலை இருக்கும்மா."

அத்தை அந்தப் பக்கம் என்ன அர்த்தம் பண்ணிக்கொண்டாரோ, சரி சரி, நல்லது, மெதுவா வா என்று அவசரமாக வைத்துவிட்டார். நாத்தனாரிடம் இந்நேரம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார், எதையாவது எதிர்பார்க்க ஆரம்பித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது எங்கள் முன்னால் ஒரு முழுச் சாயங்காலம் கிடக்கிறது, ஒரு முழு ராத்திரி, அத்தை வந்துவிடுவார் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அவர் ஃபோனை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து படுத்தார், எனக்கும் அவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம் விட்டு. ஊமை டிவியின் வெளிச்சம் கதவு வழியாக வந்து சுவரில் அசைந்தது. கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"இப்ப என்ன பண்றது?" என்றார்.

"தெரியல. எனக்குப் பயமா இருக்கு."

இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. வலிக்குது என்று சொல்லியிருக்கிறேன், முடியல என்று சொல்லியிருக்கிறேன், சாரி சொல்லியிருக்கிறேன்.

"எனக்கும்தான்" என்றார். அப்புறம், "தலையில கை வெச்சுக்கட்டுமா? தலையில மட்டும்" என்றார்.

உடம்பைக் கேட்டேன். தொடை இறுகியிருந்தது, ஆமாம், தலையில் கை வைப்பதற்கும் இறுகுகிறது, முட்டாள். மனசு வழக்கம்போல் ஓட ஆரம்பித்தது, தலை, தலைக்கு அப்புறம் கழுத்து, கழுத்துக்கு அப்புறம். "கொஞ்சம் பொறுங்க" என்றேன். பொறுத்தார். பெருமூச்சு விடவில்லை, ஃபோனைப் பார்க்கவில்லை, திரும்பிப் படுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் அவர் மூச்சு கேட்டது, அவருடையதும் சீராக இல்லை. அப்புறம் என்ன என்கிற அந்தக் கேள்வி ஒரு சுற்றுப் போய் வந்தது, இன்னொரு சுற்றுப் போனது. அது நின்றுவிடும் என்று காத்திருந்தால் விடிந்துவிடும், அது நிற்கப்போவதில்லை. இறுகினது இறுகினபடியே இருந்தது.

"ம், வைங்க" என்றேன்.